அடகுக் கடைப் படியேறுமுன்: உங்கள் நகை எந்தச் சட்டத்தின் கீழ் போகிறது?

2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி தங்க, வெள்ளி நகைக்கடன்களுக்கான புதிய விதிகளை வெளியிட்டதிலிருந்து, ‘நகை மதிப்பில் 85 சதவீதம் கடன்’ என்ற ஒரு வரி பலர் மனத்தில் பதிந்துவிட்டது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பொன்னமராவதியிலோ கடைவீதி அடகுக் கடைக்கு முதன்முறையாக நகையை எடுத்துச் செல்பவர் அந்த வரியை நம்பிப் போகிறார். கடைக்காரர் அதைவிடக் குறைத்துச் சொன்னதும், ஏமாற்றுகிறாரோ என்று கலங்குகிறார். குழப்பம் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, 85 சதவீதம் என்பது கொடுத்தே ஆக வேண்டிய தொகை அல்ல. அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற உச்ச வரம்பு. இரண்டாவது, இன்னும் முக்கியமானது: அந்த விதிகள் வங்கிகளையும் கூட்டுறவு வங்கிகளையும் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்தும். தெருமுனை அடகுக் கடை வேறொரு சட்டத்தின் கீழ் நடப்பது.

இந்த வேறுபாடு தெரியாமல் கைமாறும் நகைதான் பின்னாளில் தகராறுக்கு உள்ளாகிறது. எனவே கடைக்குள் நடப்பவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அடகு என்றால் சட்டப்படி என்ன

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 172-ஆம் பிரிவு முதல் 179-ஆம் பிரிவு வரை அடகைப் பற்றிப் பேசுகிறது. அதன் சாரம் இதுதான்: வாங்கும் கடனுக்கு ஈடாக ஒரு பொருளை மற்றவர் வசம் ஒப்படைக்கிறோம், கடன் தீர்ந்ததும் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும். இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. நகை கடைக்காரர் கைக்குப் போனாலும் அதன் உரிமை உங்களிடமே இருக்கிறது. அவர் அதை அணியவோ, உருக்கவோ, தன் பொருளாக விற்கவோ முடியாது.

2. தவணை தவறினால் நகையை விற்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் 176-ஆம் பிரிவின்படி, விற்கப்போவதை உங்களுக்கு நியாயமான அவகாசத்துடன் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். விற்ற பணம் கடனுக்கு மிஞ்சினால் மிச்சம் உங்களுடையது. பற்றாவிட்டால் குறையும் உங்கள் பொறுப்பே.

3. தவணை கடந்த பிறகும், நகை உண்மையில் விற்கப்படும் கணம்வரை அதை மீட்கும் உரிமை 177-ஆம் பிரிவின்படி உங்களுக்கு உண்டு. தாமதத்தால் கடைக்காரருக்கு நேர்ந்த செலவைச் சேர்த்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

‘நாள் தாண்டிவிட்டது, நகை மூழ்கிவிட்டது’ என்று சொல்லக் கேட்டுப் பேசாமல் திரும்பிவிடுபவர்கள் இழப்பது இந்த மூன்றாவது உரிமையைத்தான். நாள் தாண்டியதால் மட்டும் நகை கடைக்காரருடையதாகிவிடாது.

வங்கி ஒரு வாசல், அடகுக் கடை மற்றொரு வாசல்

தமிழ்நாட்டில் அடகுக் கடைகள் 1943-ஆம் ஆண்டின் அடகுக்காரர்கள் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. சென்னை மாகாணச் சட்டமாகப் பிறந்து இன்று தமிழ்நாட்டுச் சட்டமாக நீடிக்கும் அது, உரிமம் இல்லாமல் அடகுத் தொழில் செய்வதைத் தடுக்கிறது. உரிமம் வழங்குபவர் வட்டாட்சியர். வட்டிக்கு உச்ச வரம்பு, அடகு வைத்தவருக்குக் கட்டாயமாகத் தர வேண்டிய சீட்டு, மீட்காத நகையைப் பொது ஏலத்தில்தான் விற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஆகியவை இந்தச் சட்டத்தின் தூண்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தங்க விலைப் பலகையை அல்ல, சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தை. அதில் உள்ள பெயரும் முகவரியும் காலமும் கடையோடு பொருந்துகின்றனவா என்பதை.

வங்கியும் பதிவு பெற்ற நிதி நிறுவனமும் ரிசர்வ் வங்கிக்குக் கட்டுப்பட்டவை. புதிய விதிகளின்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதமும், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கும் மேற்பட்ட கடனுக்கு 75 சதவீதமும் உச்ச வரம்பு. நகையை உங்கள் முன்னிலையில் மதிப்பிட வேண்டும். கடனை அடைத்தால் அன்றே, அல்லது அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் நகையைத் தந்துவிட வேண்டும். அவர்கள் பக்கத்துக் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இவற்றை நிறைவேற்ற 2026 ஏப்ரல் 1 கடைசி நாளாக வைக்கப்பட்டது. இந்த உரிமைகளை அடகுக் கடையில் கேட்டால் கிடைக்காது. கடைக்காரர் மறுப்பது அடாவடி அல்ல. அவருக்கு அந்த விதி பொருந்தாது.

2021-ல் தமிழ்நாடு அரசு 5 பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோதும் இதே வேறுபாடுதான் முன்னே வந்தது. அது கூட்டுறவு நிறுவனங்களில் வைத்த நகைக்கு, சில தகுதிகளுக்கு உட்பட்டுக் கிடைத்தது. அடகுக் கடையில் வைத்த நகைக்கு அரசுத் தள்ளுபடி என்ற பேச்சே எழவில்லை.

அப்படியானால் அடகுக் கடைக்குப் போகவே கூடாதா? நாள் அவகாசம் உள்ளவர் முதலில் வங்கியையோ கூட்டுறவுச் சங்கத்தையோ பார்ப்பதே சரி என்பது என் கருத்து. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டியவருக்கும், வங்கிக் கணக்கும் தாள்களும் ஒழுங்காக இல்லாத கூலித் தொழிலாளிக்கும் அந்த வாசல் திறந்திருப்பதில்லை. கால் மணி நேரத்தில் பணம் தரும் அடகுக் கடை அவர்களுக்குத் தேவையான இடம். அதை இழிவாகப் பார்க்கும் பழக்கம் செட்டிநாட்டுக்குப் பொருந்தவும் பொருந்தாது. பர்மாவிலும் மலாயாவிலும் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் நடத்திய லேவாதேவி என்ற வட்டித் தொழில்தான் இந்த ஊர்களின் வளவு வீடுகளை, அதாவது முற்றம் வைத்த பெரிய வீடுகளை எழுப்பியது. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறக்கப்பட்டது. கடன் வாங்குவதில் வெட்கம் தேவையில்லை. எழுத்தில் இல்லாத கணக்கை ஏற்றுக்கொள்வதில்தான் எச்சரிக்கை தேவை.

தராசில் நகை படும்போது

முதன்முறை போகிறவருக்கு மிகவும் புரியாத கட்டம் மதிப்பீடுதான். கடைக்காரர் நகையை வாங்கி, உள்பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். 916 என்றிருந்தால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 750 என்றிருந்தால் 18 காரட். முத்திரை இல்லாத பழைய நகையாக இருந்தால், கறுப்பு உரைகல்லில் அதன் ஓரத்தால் ஒரு கோடு இழுப்பார்; பக்கத்தில் மாற்று (தங்கத்தின் தரம்) தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு; இரண்டின் மேலும் அமிலம் ஒரு சொட்டு. எந்தக் கோடு மங்குகிறது, எது அப்படியே நிற்கிறது என்பதை வைத்து மாற்றைச் சொல்வார். முத்திரை இல்லாத நகையை வைத்திருப்பதோ அடகு வைப்பதோ குற்றமல்ல. 2021 ஜூனிலிருந்து படிப்படியாக வந்த ஹால்மார்க் கட்டாயம் நகை விற்கும் வியாபாரிகளுக்கானது.

பிறகு எடை. இங்கேதான் செட்டிநாட்டு நகைகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கழுத்திரு (நகரத்தார் திருமணத் தாலி), கெம்பு என்ற சிவப்புக் கல் பதித்த அட்டிகை, வைரத் தோடு போன்றவற்றின் பெருமை கல்லிலும் கைவேலையிலும் இருக்கிறது. அடகுக் கணக்கோ தங்கத்தை மட்டுமே எண்ணுகிறது. உள்ளே அரக்கு நிரப்பிக் கல் பதித்த பழைய நகையில் கல்லுக்கும் அரக்குக்கும் சேர்த்து ஒரு எடையைக் கழிப்பார்கள். நகையைப் பிரிக்காமல் அந்தக் கழிவைத் துல்லியமாக எடுக்க முடியாது. அது கடைக்காரரின் அனுபவ மதிப்பீடு. ஒரு கெம்பு அட்டிகையின் மொத்த எடை 27.400 கிராம் என்றும், கழிவு 4.400 கிராம் என்றும் போட்டால், நிகர எடை 23 கிராம்.

அந்த 4.400 கிராமுக்குக் கடன் கிடைக்காது என்பது மட்டுமல்ல. ஏலத்துக்குப் போனால் அந்த அட்டிகை பெரும்பாலும் தங்கமாகவே விலைபோகும். கெம்பின் விலையும், இன்று அதேபோலச் செய்ய ஆள் கிடைக்காத வேலைப்பாட்டின் விலையும் கணக்கிலேயே வராமல் போய்விடும். ஆகவே வீட்டில் வளையலோ கல் இல்லாத சங்கிலியோ இருக்கும்போது, கல் நகையை அடகுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். வேறு வழியே இல்லை என்றால், எத்தனை கல், என்ன நிறம், எந்தக் கல் ஏற்கெனவே உதிர்ந்திருக்கிறது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லி, கடைக்காரர் முன்னிலையிலேயே இருபக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்கும் நாளில் ஒரு கல் குறைந்திருந்தால், அது யாரிடம் உதிர்ந்தது என்பதற்கு இவை தவிர வேறு சான்று இருக்காது.

கையில் வரும் தொகை

கணக்குக்காக 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 23 கிராமின் மதிப்பு 2,30,000 ரூபாய். அடகுக் கடைக்காரர் மதிப்பில் 70 சதவீதம் தர ஒப்புக்கொண்டால் கடன் 1,61,000 ரூபாய்.

வங்கிக் கணக்கு வேறு விதம். முதலில் விலை: அன்றைய கடைவிலையை எடுக்காமல், முந்தைய நாளின் முடிவு விலை, முந்தைய 30 நாள் சராசரி ஆகிய இரண்டில் எது குறைவோ அதை எடுக்க வேண்டும் என்பது புதிய விதி. அடுத்து, அசலும் வட்டியும் ஆண்டு முடிவில் ஒரே தவணையாகக் கட்டும் கடன் என்றால், அந்த முடிவில் சேரும் வட்டியும் 85 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 2,30,000 ரூபாயில் 85 சதவீதம் 1,95,500. ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று கொண்டால், கையில் அதிகபட்சம் ஏறத்தாழ 1,77,700 ரூபாய்தான் கிடைக்கும். ‘85 சதவீதம் என்றார்கள், 77 சதவீதம்தான் தருகிறார்கள்’ என்ற முறையீட்டுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

நிதி நிறுவனங்கள் 20,000 ரூபாய்க்கு மேல் கடனை ரொக்கமாகத் தர முடியாது; வருமான வரிச் சட்டத்தின் அந்த வரம்பை 2024 மே மாதம் ரிசர்வ் வங்கி நினைவூட்டியது. அங்கே போகிறவர்கள் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் கொண்டுபோக வேண்டும்.

வட்டியைக் கேட்கும் முறை

கடைவீதியில் வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றுதான் சொல்வார்கள். ‘ஒன்றரை வட்டி’ என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். ‘ரெண்டு வட்டி’ என்றால் 24 சதவீதம். மாதக் கணக்கில் கேட்கும்போது சிறியதாகத் தோன்றும் எண்ணைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தால்தான் வங்கியோடு ஒப்பிட முடியும். 1,61,000 ரூபாய்க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 2,415 ரூபாய், ஓராண்டுக்கு 28,980.

இதோடு கேட்டுத் தெளிய வேண்டியவை மூன்று:

1. முதல் மாத வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்களா? பிடித்தால் கைக்கு வருவது 1,58,585 ரூபாய்; ஆனால் வட்டி ஓடுவது 1,61,000-க்கு.

2. ஒரு மாதமும் மூன்று நாளும் ஆனால் வட்டி எத்தனை மாதத்துக்கு? பல கடைகளில் இரண்டு மாதத்துக்கு. அப்படியானால் மீட்பதற்கு ஏற்ற நாள், மாதம் நிறையும் நாளோ அதற்கு முந்தைய நாளோதான். செவ்வாய், வெள்ளி என்று தள்ளிப்போட்டுச் சில நாளுக்காக ஒரு முழு மாத வட்டியைக் கட்டுவது வீண்.

3. சீட்டில் அச்சிட்ட வட்டியும் வாயால் சொல்லும் வட்டியும் ஒன்றுதானா? சட்ட வரம்புக்காக ஒரு விகிதத்தை அச்சிட்டுவிட்டு அதைவிடக் கூடுதலாக வாங்குவது நெடுங்காலப் பழக்கம். இரண்டும் வேறுபட்டால் அந்தக் கடையை விட்டு வெளியேறிவிடலாம். பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கும்.

சீட்டு

நகையைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆவணம் அடகுச் சீட்டு. மொத்த எடை, கழிவு, நிகர எடை, நகையின் விவரம், கடன் தொகை, வட்டி, தேதி, கடையின் பெயரும் உரிமமும், இவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். ‘அட்டிகை ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எடை விடுபட்ட சீட்டை வாங்கவே கூடாது. கடைக்காரர் ஆதார் நகல் கேட்பதில் தயக்கம் வேண்டாம். திருட்டு நகை கைமாறுவதைத் தடுக்கவும், போலீஸ் கேட்டால் காட்டவும் அவருக்கு அது தேவை.

சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்பது செட்டிநாட்டில் கூடுதல் கவனத்துக்கு உரியது. வீட்டு ஆண்கள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். விடுமுறைக்கு வந்தவர் தன் பெயரில் நகையை வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டால், மீட்கப் போகும் ஆச்சியிடமோ அம்மாவிடமோ கடைக்காரர் நகையைத் தரத் தயங்குவார், தயங்குவதும் சரியே. ஊரில் இருப்பவர் பெயரில் வைப்பதே தொல்லையில்லாத வழி. நகை மனைவியின் சீதனமாக இருந்தால் அவர் பெயரில்தான் சீட்டு இருக்க வேண்டும். சீதனம் பெண்ணின் தனியுடைமை என்பதை உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாக்கிவிட்டது. அவர் சம்மதம் இல்லாமல் கணவர் அதை அடகு வைப்பது குடும்ப விவகாரமாக மட்டும் நின்றுவிடாது.

சீட்டு தொலைந்தால் அன்றே கடைக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

ஓராண்டும் ஏழு நாளும்

தமிழ்நாட்டு அடகுச் சீட்டுகளில் வழக்கமாகக் காணும் தவணை, ஓராண்டும் அதற்கு மேல் ஏழு நாளும். மழையை நம்பிய கண்மாய்ப் பாசனச் சீமையான இந்தப் பகுதிக்கு அது பொருத்தமான காலம். புரட்டாசி விதைப்புக்கு வைத்த நகையை, தை, மாசி அறுப்பு முடிந்து திருப்புவதற்கு ஐந்தாறு மாதம்தான் ஆகும்; ஒரு போகம் பொய்த்தால்தான் ஆண்டு நெருக்கும்.

அப்போது கடைக்காரர் காட்டும் வழி, ‘மாற்றி வைத்தல்’: பழைய சீட்டை முடித்துப் புதிய சீட்டு எழுதுவது. வட்டியைக் கட்டிவிட்டு மாற்றினால் பாதகமில்லை. கட்டாமல் மாற்றினால் அந்த வட்டி அசலில் சேர்ந்துவிடும். மேற்சொன்ன கணக்கில் புதிய அசல் 1,89,980 ரூபாய். அடுத்த ஆண்டு வட்டி 28,980 அல்ல, 34,196. தனிவட்டிக்கு வாங்கிய கடன், சீட்டு மாறியதால் கூட்டுவட்டிக் கடனாகிவிடுகிறது. கொஞ்சமாவது வட்டியைக் கட்டிவிட்டே மாற்ற வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்று, மறு அடகு. சிறிய கடைக்காரர் உங்கள் நகையைப் பெரிய லேவாதேவிக்காரரிடம் வைத்துத் தன் தொழிலுக்கு முதல் திரட்டுவது உண்டு. நிதி நிறுவனங்களும் வங்கிகளும் இப்படிச் செய்வதையும், இப்படி வந்த நகைக்குக் கடன் தருவதையும் புதிய விதிகள் தடுக்கின்றன. கடைகளுக்கிடையில் அது நடக்கக்கூடும். நீங்கள் பணத்தோடு போய் நின்றால் ‘நாளைக்கு வாங்க’ என்ற பதில் வருவதற்கு இது ஒரு காரணம். முகூர்த்தத்துக்கு நகை தேவை என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி வைத்து, எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏலமும் முறையீடும்

தவணை கடந்த நகைகளைப் பற்றி நாளிதழ்களில் சீட்டு எண்களை வரிசையாக அடுக்கிய ஏல அறிவிப்புகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் எண் அதில் வந்திருந்தாலும் ஏலம் முடியும்வரை மீட்கலாம். அறிவிப்பு உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால், வீடு மாறும்போதும் கைபேசி எண் மாறும்போதும் கடைக்குச் சொல்லிவிட வேண்டும். ஏலம் முடிந்துவிட்டால், நகை என்ன விலைக்குப் போனது, கடனும் செலவும் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வங்கியும் நிதி நிறுவனமும் ஏலத்தின் தொடக்க விலையை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும்; இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டுமே 85 சதவீதத்துக்கு இறங்கலாம். மிச்சப் பணத்தை 7 வேலை நாளுக்குள் தந்துவிட வேண்டும்.

முறையிடும் இடமும் வாசலைப் பொறுத்தே மாறுகிறது. அடகுக் கடை மீதான புகாரை உரிமம் வழங்கிய வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்: காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பகுதியினர் அந்தந்த வட்டத்திலும், புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊரினர் திருமயம், பொன்னமராவதி வட்டங்களிலும். வங்கி, நிதி நிறுவனம் என்றால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் தர வேண்டும்; 30 நாளுக்குள் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். அதற்கான உதவி எண் 14448. இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படுவது சீட்டின் நகல். அதில் எடையும் தேதியும் இருந்தால்தான் புகார் மேலே நகரும்.